வன்னி வெயிலுக்கு எந்தச் செல்?

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறக்கப்பட்ட பிறகு ஏ9 வீதியில் மின்சாரக் கார்கள் கூடிக்கொண்டே வருகின்றன. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒன்றை வாங்க நினைப்பவர் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: எந்த ஆண்டு, எத்தனை கிலோமீற்றர் ஓடியது, ஒருமுறை சார்ஜ் பண்ணினால் யாழ்ப்பாணம் போய்வரலாமா, பற்றரி போனால் மாற்ற எவ்வளவு முடியும். பற்றரிக்குள் இருப்பது எந்த வகைச் செல் (மின்கலம்), அதைச் செய்தது எந்தக் கொம்பனி என்று கேட்பவர் குறைவு. தூரமும் ஆயுளும் செலவும் அந்தச் செல்லைப் பொறுத்துத்தான் இருக்கின்றன. வன்னியில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இங்கே வெயில் கடுமை, ஊருக்கு ஊர் தூரம், பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைவு.

எரிபொருளுக்காகக் காத்துக் கிடந்த அனுபவம் வன்னிக்கு நிறைய உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் மட்டுமல்ல, ரோச் லைற்றுக்குப் போடும் சின்னப் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள்தான். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். 2022இல் மறுபடியும் வரிசை, கியூ.ஆர். குறியீடு, வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்ற பங்கீடு. வீட்டுக் கூரைச் சோலரில் விழும் வெயிலிலேயே கார் ஓடும் என்றால் அதன் பெறுமதியை இங்குள்ளவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அப்படி நம்பி வாங்கும் கார் நாலைந்து வருடத்தில் பாதி தூரத்தில் நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

வேறுபாடு எங்கே இருக்கிறது

முதலில் அளவு. மின்சாரக் காரின் பற்றரியைக் கிலோவாற் மணித்தியாலத்தில் சொல்வார்கள். கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட்டும் அதுவும் ஒன்றே. 24 என்றால் 24 யூனிட், 60 என்றால் 60 யூனிட். சாதாரணக் கார் ஒன்று ஒரு யூனிட்டில் ஆறு ஏழு கிலோமீற்றர் ஓடும். மற்றக் கணக்கையெல்லாம் இதை வைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

காருக்கு அடியில் இருக்கும் பெரிய பொதி ஒரே பற்றரி அல்ல. மூன்றரை வோல்ற் அளவில் இருக்கும் சின்னச் செல்களைத் தொடராக இணைத்து 350, 400 வோல்ற் வரை கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு செல்லிலும் ஒரு பக்கம் காரீயம், அதாவது பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைற். இது அநேகமாக எல்லா வகைக்கும் பொது. நம் நாட்டில் போகலவிலும் கஹட்டகஹவிலும் சுரங்கத்தில் எடுக்கும் அதே காரீயந்தான், வேறு தரத்துக்குப் பதப்படுத்தப்பட்டது. மற்றப் பக்கத்தில் என்ன உலோகக் கலவை இருக்கிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

நிக்கல், மங்கனீசு, கோபால்ற் மூன்றும் சேர்ந்தது என்.எம்.சி. மங்கனீசுக்குப் பதில் அலுமினியம் சேர்த்தால் என்.சி.ஏ.; டெஸ்லாவுக்காகப் பனசொனிக் நெடுங்காலம் செய்துவந்தது இது. இரும்பும் பொஸ்பேற்றும் கொண்டது எல்.எஃப்.பி. மங்கனீசை மட்டும் பெரும்பாலும் நம்பியிருந்தது எல்.எம்.ஓ.; பழைய நிசான் லீஃபில் இருந்தது அந்தக் குடும்பம்.

ஒரு கிலோ நிறையுள்ள நல்ல என்.எம்.சி. செல் 250 வாற் மணித்தியாலம் அளவுக்குத் தேக்கும். அதே நிறையில் எல்.எஃப்.பி. 170 அளவுக்குத்தான் தேக்கும். ஆகவே ஒரே தூரம் ஓட எல்.எஃப்.பி. காருக்குக் கனமான பொதி வேண்டும். குளிரிலும் எல்.எஃப்.பி. சோர்ந்துபோகும். உறைபனியில் சார்ஜ் ஏற மறுக்கும், தூரம் குறையும். ஐரோப்பிய, அமெரிக்க விமர்சனங்களில் எல்.எஃப்.பி.க்கு எதிராகத் திரும்பத் திரும்ப வரும் முறைப்பாடு இதுதான். மார்கழிப் பனியிலும் உறைநிலையைக் கண்ணால் காணாத வன்னிக்கு அந்தக் குறை ஒரு பொருட்டே இல்லை. யூடியூப்பில் நோர்வேக்காரர் சொல்வதைக் கேட்டு மாங்குளத்தில் கார் தெரிவு செய்யக் கூடாது.

நமக்கு முக்கியம் வெப்பம். செல்லுக்குள் காரீயத்தின் மேல் ஒரு மெல்லிய படலம் படியும். அது செல்லைக் காக்கவும் செய்கிறது, தடிக்கத் தடிக்க லிதியத்தைத் தின்று கொள்ளளவைக் குறைக்கவும் செய்கிறது. வெப்பநிலை 10 பாகை கூடினால் இப்படியான தேய்மானத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியியலாளர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. பற்றரி முழுக்க நிறைந்திருந்தால் இன்னும் மோசம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நிழலிலேயே 35 பாகை. நண்பகலில் தார் வீதிக்கு மேல் கையை நீட்டிப் பார்த்தாலே தெரியும், பொதி தொங்குவது அந்தச் சூட்டுக்கு ஒரு சாண் உயரத்தில். 100 வீதம் சார்ஜ் பண்ணிய என்.எம்.சி. காரை வெறும் வெளியில் நிறுத்திவிட்டு நாள் முழுக்க அலுவலகத்தில் இருப்பதுதான் பற்றரிக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். ஓடித் தேய்வதைவிட இப்படி நின்று தேய்வது அதிகம்.

லீஃப் சொல்லித் தந்த பாடம்

2015ஐ ஒட்டி, வரி குறைவாக இருந்த காலத்தில், யப்பானிலிருந்து பாவித்த லீஃப் கார்கள் நிறைய இறங்கின. இன்றும் வன்னியில் குறைந்த விலையில் கைக்கு வரும் மின்சாரக் கார் அதுதான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2010 கடைசியில் விற்பனைக்கு வந்த முதல் லீஃபில் 24 யூனிட் பற்றரி. செல்களைச் செய்தது ஏ.ஈ.எஸ்.சி., அதாவது நிசானும் என்.ஈ.சி.யும் சேர்ந்து தொடங்கிய கொம்பனி. பின்னாளில் அது சீனாவின் என்விஷன் குழுமத்தின் கைக்குப் போனது. 192 செல்கள், நான்கு நான்காக 48 பெட்டிகளில். பொதியைக் குளிர்விக்கத் திரவமும் இல்லை, காற்றாடியும் இல்லை. மூடிய இரும்புக் கூட்டுக்குள் சூடானால், அதுவாக ஆறினால்தான் உண்டு. யப்பானியக் குளிருக்கு இது போதுமாக இருந்தது. 2012இலேயே அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வன்னியைவிடக் கடுமையான வெயிலில், வாங்கி ஓரிரு வருடத்தில் கொள்ளளவு குறைந்துவிட்டது என்று உரிமையாளர்கள் குரல் எழுப்பினார்கள். பிறகுதான் நிசான் கொள்ளளவுக்கென்று தனி உத்தரவாதம் கொடுத்தது, 2015 மாதிரியில் வெப்பம் தாங்கும்படி செல்லையும் திருத்தியது. ஆகவே 2012 லீஃபும் 2015 லீஃபும் வெளியில் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே ஒன்றல்ல.

லீஃபின் டாஷ்போர்டில் வலது ஓரமாகப் பன்னிரண்டு சின்னக் கோடுகள் இருக்கும். நம்மவர்கள் பார் என்பார்கள். பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டுவது அது. முதல் பார் விழும்போதே 15 வீதம் போய்விட்டது. அதன்பின் ஒவ்வொன்றும் ஆறு வீதத்துக்குச் சற்று அதிகம். எட்டுப் பார் நிற்கும் 24 யூனிட் காரில் உண்மையில் இருப்பது 16 யூனிட்டுக்கு உள்ளே. அது ஏசி போட்டு 80 கிலோமீற்றர் போனால் நல்லது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 65 கிலோமீற்றர். போய்ச் சேரலாம், அங்கே சார்ஜ் பண்ணாமல் திரும்பி வர முடியாது. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஒரு வழியே 140.

வவுனியாவில் ஒரு கராஜில் கழற்றிய லீஃப் பொதியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பெட்டி பெரிய புத்தகமளவு. தட்டையான அலுமினிய உறை, ஒரு கையால் தூக்கலாம், நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஓரத்தில் மூன்று முனைகள், செம்புத் தகட்டுக்குப் போடும் போல்ட்டுகள். நல்ல பெட்டியின் உறை மட்டமாக இருந்தது. பழுதான ஒன்றை மேசையில் வைத்தபோது நடுப்பக்கம் புடைத்து, அமத்தினால் அசைந்தது. உள்ளே பைபோன்ற செல்லில் வாயு சேர்ந்துவிட்டது என்று மெக்கானிக் தம்பி காட்டினார். காரின் கோளாறு பார்க்கும் ஓ.பி.டி. துளையில் ஒரு சின்னப் புளூடூத் கருவியைச் செருகி, போனில் லீஃப் ஸ்பை என்ற செயலியைத் திறந்தார். 96 சோடிச் செல்களும் வரிசையாகக் கோடு கோடாக வந்தன. ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றைவிடக் கட்டையாக நின்றன.

“அண்ணை, பார் பன்னிரண்டும் நிக்குது எண்டு ஏமாந்து போடாதேங்கோ. அதை அழிச்சுத் திருப்பி எழுதலாம். ஏத்தத்தில ஒருக்கா அமத்தி ஓடிப்போட்டு, எந்தச் சோடி கீழ விழுகுது எண்டு இதில பாருங்கோ,” என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. பற்றரியைக் கண்காணிக்கும் கணினியை மீளமைத்தால் சில வாரங்களுக்குப் பன்னிரண்டு பாரும் திரும்பிவிடும். பிறகு ஒவ்வொன்றாக விழும். செயலியில் தெரியும் சோடிகளின் வோல்ற் வேறுபாட்டை அப்படி லேசாக மறைக்க முடியாது. பாவித்த லீஃப் வாங்கும் எவரும் இந்தப் பரிசோதனை இல்லாமல் முற்பணம் கொடுக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன்.

2017இல் வந்த 40 யூனிட் லீஃபில் என்.எம்.சி. செல்கள் வந்தன, தேய்மானம் நன்றாகக் குறைந்தது. குளிரூட்டல் மட்டும் வரவில்லை. நீண்ட பயணத்தில் இரண்டாம் முறை வேகச் சார்ஜ் போட்டால் சூடு காரணமாகக் காரே சார்ஜின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது என்று 2018இல் பல நாடுகளில் முறைப்பாடு எழுந்தது. கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு 330 கிலோமீற்றர் வருகிறவருக்கு அது நேரடியாகப் படும் பிரச்சினை. லீஃபுக்குத் திரவக் குளிரூட்டல் கிடைத்தது 2025இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறையில்தான்.

இரும்புச் செல் எப்படி மேலே வந்தது

எல்.எஃப்.பி.யின் கதை சுவையானது. 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் குடினஃபின் ஆய்வுகூடத்தில் பிறந்தது. ஆய்வுக் கட்டுரை 1997இல் வந்தது. குடினஃப், விற்றிங்ஹாம், யொஷினோ மூவருக்கும் லிதியம் அயன் பற்றரிக்காக 2019இல் நோபல் பரிசு கிடைத்தபோது குடினஃபுக்கு வயது 97. ஆனால் இரும்புச் செல்லைப் பெருந்தொகையாகச் செய்தது அமெரிக்கா அல்ல, சீனா. காப்புரிமை வைத்திருந்தவர்களோடு ஏற்பட்ட இணக்கப்படி, சீனாவுக்குள் விற்கும்வரை சீன உற்பத்தியாளர் உரிமைக்கட்டணம் கட்டத் தேவையிருக்கவில்லை. வெளிநாட்டில் கட்ட வேண்டும். அதனால் பத்துப் பன்னிரண்டு வருடம் அவர்கள் உள்ளூர் பஸ்களுக்கும் கார்களுக்கும் செய்து செய்து கைதேர்ந்தார்கள். முக்கிய காப்புரிமைகள் 2022ஐ ஒட்டிக் காலாவதியானபோது உலகச் சந்தை திறந்தது, தொழிற்சாலைகளும் தயாராக இருந்தன. இன்று உலகில் மின்சாரக் கார்களுக்குப் போகும் பற்றரியில் கிட்டத்தட்டப் பாதி எல்.எஃப்.பி. என்று சர்வதேச எரிசக்தி முகமை 2024ஆம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்கிறது.

விலைதான் முதல் காரணம். கோபால்ற்றில் பெரும்பங்கு கொங்கோவிலிருந்து வருகிறது, நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவிலிருந்து. இரண்டும் விலை ஏறி இறங்கும் உலோகங்கள். கொங்கோவின் சுரங்கங்களில் பிள்ளைகள் வேலை செய்வது பற்றிய செய்திகள் மனதைக் கனக்கச் செய்பவை. இரும்புக்கும் பொஸ்பேற்றுக்கும் அந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. பொஸ்பேற்றில் ஒட்சிசன் இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. என்.எம்.சி. செல் ஏறத்தாழ 210 பாகையில் சிதையத் தொடங்கித் தானே ஒட்சிசனை வெளிவிடும். வெளிக்காற்று இல்லாமலே எரிவதற்கு அது வழி செய்கிறது. எல்.எஃப்.பி. 270 பாகை அளவு வரை தாங்கும், அப்போதும் வெளிவரும் வெப்பம் குறைவு. தீப்பிடிக்கவே மாட்டாது என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். சேதமான எல்.எஃப்.பி. செல்லிலிருந்தும் எரியக்கூடிய வாயு வரும். ஆபத்து நன்றாகக் குறைவு என்பதுதான் சரி.

மூன்றாவது, வன்னிக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆயுள். நல்ல எல்.எஃப்.பி. செல் மூவாயிரம் தடவைக்கு மேல் நிரம்பி வடியும், என்.எம்.சி. பொதுவாக ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம். நூறு வீதம் வரை நிரப்புவதையும் எல்.எஃப்.பி. பெரிதாகப் பொருட்படுத்தாது. அதன் உச்ச வோல்ற் குறைவு என்பதால் உள்ளிருக்கும் திரவம் அவ்வளவு சீக்கிரம் சிதையாது. பக்கத்தில் வேகச் சார்ஜர் இல்லாத ஊரில், முல்லைத்தீவிலிருந்து காலையில் புறப்படுகிறவர் முழுதாக நிரப்பிக்கொண்டுதான் வீதிக்கு இறங்க வேண்டும். 80 வீதத்தோடு நிறுத்து என்ற என்.எம்.சி. விதியை அவரால் நாளாந்தம் கடைப்பிடிக்க முடியாது.

ஒரு தொல்லை உண்டு. எல்.எஃப்.பி.யின் வோல்ற் நடுப்பகுதியில் இறங்குவதே தெரியாது. காஸ் சிலிண்டர் கடைசிவரை ஒரே சுவாலையில் எரிந்துவிட்டுத் திடீரென்று அணைவது மாதிரி. வோல்ற்றைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லக் காரின் கணினிக்குக் கஷ்டம். அதனால்தான் டெஸ்லா தன் எல்.எஃப்.பி. கார்களை வாரம் ஒரு தடவையாவது நூறு வரை நிரப்பச் சொல்கிறது. அங்கே கணக்கு மறுபடி சரியாகும். ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையிலேயே மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால், 12 வீதம் என்று காட்டிக்கொண்டிருந்த கார் முறிகண்டி தாண்டியதும் சட்டென்று நாலு என்று காட்டும்.

உருவமும் கொம்பனியும்

செல்லின் உருவம் மூன்று. ரோச் பற்றரி போன்ற உருளை, உலோகப் பெட்டி, அலுமினியத் தாளில் மூடிய பை. 2012இன் டெஸ்லா மொடல் எஸ்ஸில் 18 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழாயிரத்துக்கு மேற்பட்ட உருளைகள் இருந்தன. 2020இல் அறிவித்த 4680 உருளையின் விட்டம் 46 மில்லிமீற்றர். தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா கொம்பனி செய்வதும் அந்த அளவுதான். பை செல் மெலிது, இலகு, ஆனால் புடைக்கும், வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பெட்டிச் செல் எல்.எஃப்.பி.யோடு சேர்ந்து பிரபலமானது.

உருவத்தைவிடச் செய்தது யார் என்பது முக்கியம். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் நிங்டே நகரத்தில் 2011இல் தொடங்கிய சி.ஏ.டி.எல். இன்று உலகில் முதலிடம். 2024இல் மின்வாகனப் பற்றரிகளில் 38 வீதத்துக்கு அண்மித்தது அவர்களுடையது. இரண்டாவது பி.வை.டி., 17 வீதம் அளவு. 1995இல் ஷென்சென்னில் கைத்தொலைபேசிப் பற்றரி செய்யத் தொடங்கி, பிறகு காருக்கு வந்த கொம்பனி இது. தன் காருக்கான செல்லைத் தானே செய்கிறது. மூன்றாவது தென்கொரியாவின் எல்.ஜி. அதற்குப் பின்னால் எஸ்.கே. ஒன், சாம்சங் எஸ்.டி.ஐ., பனசொனிக், சீனாவின் சி.ஏ.எல்.பி., கோஷன். இந்தியாவில் ஓடும் டாடா நெக்ஸான் காரின் எல்.எஃப்.பி. செல் கோஷனிடமிருந்து வந்தது.

பி.வை.டி. 2020 மார்ச்சில் காட்டிய பிளேட் செல் ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த நீளம், ஒன்றரை சென்ரிமீற்றருக்குள் தடிப்பு. அவற்றை நேரே பொதிக்குள் வரிசையாக அடுக்குகிறார்கள், நடுவில் சின்னப் பெட்டிகள் கிடையாது. அதனால் எல்.எஃப்.பி. இடம் பிடிக்கும் என்ற பழைய குறை பெரிதும் தீர்ந்தது. இலங்கையில் இப்போது விற்கும் அட்டோ 3இன் பெரிய பொதி 60 யூனிட், முழுக்க இந்தச் செல். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போய், அன்றே திரும்பி, கொஞ்சம் மிச்சமும் வைத்திருக்கும்.

பெரிய பெயர் என்றால் பழுதே வராது என்றும் இல்லை. அமெரிக்காவின் செவ்ரோலே போல்ட் காருக்கு எல்.ஜி. கொடுத்த செல்களில் சிலவற்றில் இரண்டு குறைகள் ஒன்றாக அமைந்துவிட்டன: ஒரு முனைத் தகடு கிழிந்திருந்தது, இடையில் வைக்கும் மென்தாள் மடிந்திருந்தது. சில கார்கள் தரித்து நிற்கையில் தீப்பிடித்தன. 2021 ஓகஸ்ட்டில் அதுவரை செய்த ஏறக்குறைய 1,40,000 போல்ட் கார்களையும் திருப்பி அழைக்க வேண்டியதாயிற்று. அதே வருடம் ஹியுண்டாய் கோனாவுக்கும் எல்.ஜி. செல் காரணமாகப் பெரிய திருப்பி அழைப்பு. ஒரு தொழிற்சாலையின் ஒரு காலப்பகுதி உற்பத்தியில் வரும் குறை இப்படித்தான் வெளிப்படும். பாவித்த கார் வாங்கும்போது அதன் சேஸி இலக்கத்தை வைத்து அந்தத் திருப்பி அழைப்பில் பற்றரி மாற்றப்பட்டதா என்று தேடிப் பார்க்கலாம். இது பலருக்குத் தெரியாத வசதி.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், காரின் பெயர் செல்லைச் சொல்லாது. எம்.ஜி. 4 காரின் 51 யூனிட் பொதி எல்.எஃப்.பி., 64 யூனிட் பொதி என்.எம்.சி. கூடக் காசு கொடுத்துப் பெரியதை வாங்குகிறவர் வெயிலுக்கு மென்மையான செல்லை வாங்குகிறார். டெஸ்லா மொடல் 3இன் மலிவான வகையில் சி.ஏ.டி.எல். இரும்புச் செல், தூர வகையில் எல்.ஜி. அல்லது பனசொனிக் நிக்கல் செல். டொயோட்டா பி.இசட்.4.எக்ஸ். 2022இல் வந்தபோது முன்சில்லு ஓட்டத்துக்குப் பனசொனிக் கூட்டு நிறுவனத்தின் செல், நான்கு சில்லு ஓட்டத்துக்கு சி.ஏ.டி.எல். இலங்கையில் மின்சாரக் காருக்கு வரி போடுவது மோட்டாரின் வலுவையும் காரின் வயதையும் பார்த்து. செல் என்ன வகை என்று சுங்கப் பத்திரத்தில் எங்கும் தேடிக் கிடைக்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஹைபிரிட் கார்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், வன்னியில் அவைதான் அதிகம். டொயோட்டா அக்குவாவில் இருப்பது லிதியமே அல்ல, நிக்கல் உலோக ஐதரைட். 20 பெட்டிகள், 144 வோல்ற். அதைக் குளிர்விக்கும் காற்றாடி பின்சீற்றுக்கருகில் உள்ளிருக்கும் காற்றை இழுக்கிறது. கிரவல் வீதிச் செம்மண் புழுதி அந்த வாயில் அடைத்துக்கொண்டால் பற்றரி வெந்துபோகும். பல அக்குவாக்களின் பற்றரி இப்படித்தான் காலத்துக்கு முன் போகிறது. வலையைக் கழற்றித் தூசு தட்டுவது சில நிமிட வேலை. சுசுகி வாகன் ஆரில் இருக்கும் சின்னப் பற்றரிக்கு தொஷிபா செல். அதில் காரீயத்துக்குப் பதில் லிதியம் தைத்தனேற்று. தேக்கும் அளவு மிகக் குறைவு, வெப்பம் தாங்குவதிலும் ஆயுளிலும் அதற்கு இணை சொல்வது கஷ்டம். முழு மின்சாரக் காருக்கு அதைப் போட்டால் பாரமும் விலையும் தாங்காது.

ஆகவே எதை வாங்குவது

என் தீர்ப்பு நேரானது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாவில் ஓடப்போகும் காருக்குத் திரவத்தாலோ ஏசி வாயுவாலோ குளிரூட்டப்படும் எல்.எஃப்.பி. பொதிதான் முதல் தெரிவு. சி.ஏ.டி.எல்., பி.வை.டி. இரண்டில் எதுவானாலும் சரி. இரண்டாவது, குளிரூட்டல் உள்ள என்.எம்.சி. கார், வீட்டில் நிழலும் 80 வீதத்தில் நிறுத்தும் பழக்கமும் இருந்தால். குளிரூட்டல் இல்லாத என்.எம்.சி. அதற்குப் பிறகு. 2015க்கு முந்திய 24 யூனிட் லீஃபை நகரத்துக்குள் பள்ளிக்கூடம், சந்தை, வைத்தியசாலை என்று ஓடுபவர் மட்டும், செயலியில் பார்த்து, விலையை இறக்கி வாங்கலாம். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புக்கு நாளாந்தம் வேலைக்குப் போய்வர அதை நம்பக் கூடாது.

இரவில் வீட்டுப் பிளக்கில் மெதுவாக ஏற்றுவதுதான் எந்தச் செல்லுக்கும் நல்லது. 10 அம்பியர் இழுத்தால் மணிக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்று அதிகம் ஏறும். ஒன்பது மணித்தியாலத்தில் 20 யூனிட், அது 120 கிலோமீற்றருக்குப் போதும். ஓடி வந்த சூட்டோடு செருகாமல் ஒன்றிரண்டு மணி ஆறவிட்டுச் செருகுங்கள். மாரியில் வெள்ளம் பாயும் வீதிகளும் நமக்குண்டு. 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் எப்படி மூழ்கின என்று மறந்திருக்க முடியாது. புதிய பொதிகள் பெரும்பாலும் ஒரு மீற்றர் நீரில் அரை மணிநேரம் தாங்கும் தரத்தில் மூடப்பட்டவை. ஒருமுறை கழற்றிப் பூட்டிய பழைய பொதியின் ஓரப் பசை அப்படித் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

கடைசியாகப் பழுது பார்ப்பது. லீஃபிலும் அக்குவாவிலும் ஒரு பெட்டி போனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். வவுனியாவிலேயே கைதேர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மிஞ்சிய நல்ல பெட்டிகள் சோலர் மின்சாரம் தேக்க வீடுகளுக்குப் போகின்றன. இதற்குச் சரியான கண்காணிப்புப் பலகை இல்லாமல் இணைப்பது ஆபத்து. பிளேட் போல நேரடியாகப் பொதிக்குள் ஒட்டிய செல்களை இப்படி ஒவ்வொன்றாக மாற்ற முடியாது. நீடித்து உழைக்கும், ஆனால் பழுதானால் முழுப் பொதிதான். அதனால் எல்.எஃப்.பி. வாங்குகிறவருக்கு உத்தரவாதப் பத்திரம் காரின் ஒரு பாகம் மாதிரி. கார்க் கொம்பனிகள் பொதுவாக எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீற்றர், 70 வீதக் கொள்ளளவு என்று எழுதுகின்றன. அதை வாங்குகிறவர் மூன்றைப் பார்க்க வேண்டும்: அந்தப் பத்திரம் இலங்கை முகவரின் பெயரில் இருக்கிறதா, அல்லது இறக்குமதி செய்து விற்றவரின் கடைப் பற்றுச்சீட்டா, 70 வீதத்தை அளப்பது யார், எங்கே, அளக்கக் காரைக் கொழும்புக்கு ஏற்றிப்போகும் கூலி யார் தலையில். இவற்றுக்கு விடையை எழுத்தில் வாங்கிவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.